அண்ணனுக்கு மட்டும் சுவரொட்டி

ஆட்டின் மண்ணீரலை நாங்கள் சுவரொட்டி என்போம். ஒரு ஆட்டுக்கு ஒன்றுதான். சின்னதாக இருக்கும், பங்கு வைக்க முடியாது. எங்கள் வீட்டில் அது அண்ணனுக்கு. ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைக் கம்பியில் குத்தித் தணலில் வாட்டி, உப்பும் மிளகும் தூவி அவன் வாயில் ஊட்டுவாள். ரத்தம் ஊறும் என்பாள். நான் பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி இலை வெட்டிக்கொண்டிருப்பேன். உனக்கு ரத்தம் ஊற வேண்டாமா என்று என்னை யாரும் கேட்டதில்லை.

ஏழாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். தென்காசியில் அப்போது எங்கள் தெருவில் எல்லாப் பெண்பிள்ளைகளும் பீடிதான் சுற்றினோம், அதனால் எனக்கு மட்டும் நடந்த அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற வீடுகளில் அண்ணன் தம்பிகளும் பாதியில் நின்றார்கள். எங்கள் வீட்டில் அவன் மட்டும் படித்தான். ஏ.சி. மெக்கானிக் ஆனான், துபாய் போனான், கல்யாணம் முடித்தான். வரும்போது எனக்கு ஒரு சென்ட் பாட்டில் கொண்டுவருவான். மதினிக்கு என்ன கொண்டுவந்தான் என்று அவள் காதையும் கழுத்தையும் பார்த்துத் தெரிந்துகொள்வேன்.

நான் கவலைக்காரி. வீட்டைப் பூட்டிவிட்டு நடுவழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். என் வீட்டுக்காரர் வடகரைக்காரர், எங்களுக்குச் சொந்தமில்லை, அசல். "உனக்குக் கவலைப்பட ஒண்ணும் இல்லேன்னா அதுக்கும் கவலைப்படுவே" என்பார். சரிதான். கவலையும் பொறாமையும் எனக்கு ஒரே இடத்தில் இருந்துதான் வரும். அவனுக்கு இருக்கே என்று நினைக்கும்போதே நமக்கு இல்லாமப் போயிருமே என்றும் தோன்றிவிடும்.

சில வருஷம் முன்னால் அண்ணன் துபாயை விட்டு ஒரேயடியாக வந்துவிட்டான். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கே மூச்சு வாங்கினான். ஆள் கருத்திருந்தான். வெயிலில் கருத்த கருப்பு இல்லை அது. பழைய செம்புக் குடத்தில் சாம்பலைப் பூசிய மாதிரி ஒரு நிறம். அங்கேயே சுகர் வந்திருந்தது. கையில் ஆள்காட்டி விரல் முட்டும் நடுவிரல் முட்டும் வீங்கி வலிக்குது என்றான். எனக்கும் அதே ரெண்டு முட்டும்தான் வலிக்கும். சின்ன வயசில் இருந்து பீடி சுற்றுகிறவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? நான் சொன்னபோது அம்மா "தைலத்தைத் தேய்" என்றாள். அவன் சொன்னதும் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவனைத் தேற்றுகிற வேலை தொடங்கியது. அம்மா அண்ணன் வீட்டில் இருக்கிறாள், நான் ரெண்டு தெரு தள்ளி. விடிந்ததும் போன் வரும். "ஏட்டி, கறிக்கடையில சுவரொட்டி சொல்லி வச்சியா? ஒனக்கு எத்தன தடவ சொல்லணும்?"

கறிக்கடை பாய்க்குச் சிரிப்பு. "என்னக்கா, வாராவாரம் சுவரொட்டி. வீட்ல யாரு மாசமா இருக்கா?"

"எங்க அண்ணன்" என்றேன். கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது.

மதினி சிவகிரிக்காரி. அவள் பீட்ரூட் ஜூஸ் போட்டாள், பேரீச்சம்பழத்தைத் தேனில் ஊறப்போட்டாள். நான் விடுவேனா? முருங்கைக் கீரையை இரும்புச் சட்டியில் வதக்கிச் சாறு எடுத்துத் தூக்குவாளியில் கொண்டுபோனேன். அவள் மருந்துக் கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கினாள் என்று தெரிந்ததும், நான் நெல்லிக்காயை இடித்துச் சாறு பிழிந்தேன். நெல்லிக்காய் சேர்த்தால் சத்து நன்றாக ஒட்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் என் வாளியை முதலில் திறந்தால் அன்றைக்கு எனக்கு நல்ல நாள். மதினியின் டம்ளரை முதலில் எடுத்தால் பீடி அத்தனையும் கோணலாக வரும்.

இத்தனை செய்தும் அவன் தேறவில்லை. நடை தளர்ந்தது, வயிறு உப்பியது. தென்காசியில் ஸ்கேன் எடுத்தார்கள். அங்கிருந்த டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஈரல் கெட்டுப்போக ஆரம்பிச்சிருக்கு. எவ்வளவு நாளா குடிக்கீங்க?"

அவன் குடிக்க மாட்டான். அங்கே ரூம்காரர்கள் குடித்தாலும் தான் தொட்டதில்லை என்று சத்தியம் செய்தான். வீட்டுக்கு வந்ததும் மதினி மூலையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா முதல் தடவையாக அவனைத் திட்டினாள். "ஏலே, பெத்தவகிட்டயாவது உண்மையச் சொல்லுலே."

"குடிச்சா நாத்தம் அடிக்காதா? கேளு இவகிட்ட" என்று என்னைக் கைகாட்டினான்.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் துபாயா வந்தேன்?" என்றேன். அம்மா அவனைத் திட்டும் சத்தம் எனக்கு என் வீடு வரை கேட்டுக்கொண்டே இருந்த மாதிரி இருந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ஒனக்கு ஏன் மொகம் இப்படித் தெளிஞ்சு கெடக்கு?" என்று கேட்டார்.

திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன், அம்மா, நான். மதினி பிள்ளைகளைப் பார்க்க நின்றுவிட்டாள். அந்த டாக்டர் வயசில் சின்னவர். சுகர், விரல் வலி, தோல் நிறம், ஈரல் என்று நாலையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இவன் குடிக்கிறானா என்று கேட்கவே இல்லை. உடம்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள். ஃபெரிட்டின் என்று ஒரு டெஸ்ட். முடிவு வந்தபோது டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு இரும்பு இவங்க உடம்பில இருக்கக்கூடாதும்மா. ஈரல்ல படிஞ்சிருக்கு. சுகருக்கும் விரலுக்கும் அதுதான் காரணமா இருக்கும்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. "இரும்பு நல்லதுதானே, டாக்டர்? ரத்தம் ஊறத்தானே நாங்க குடுத்தோம்."

"எல்லாருக்கும் நல்லது. இவங்க உடம்புக்குப் போதும்னு சொல்லத் தெரியாது."

அவர் படம் வரைந்து சொன்னார். சாப்பாட்டில் இருந்து இரும்பைக் குடல் இழுக்கும். உடம்புக்குப் போதுமான அளவு சேர்ந்ததும் ஈரல் ஒரு சுரப்பை விடும், ஹெப்சிடின் என்று பேர். அது குடலுக்குப் போய், போதும் நிறுத்து என்று சொல்லும். அந்தச் சுரப்பை எப்போது விட வேண்டும் என்று ஈரலுக்கு உத்தரவு போட ஒரு ஜீன் இருக்கிறது. அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று. ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். ரெண்டும் பழுதானால் உத்தரவு போடவே ஆள் இருக்காது. குடல் பாட்டுக்கு வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளே வந்த இரும்பை வெளியே தள்ள உடம்புக்கு வேறு வழியும் கிடையாது.

"அப்பாவும் அம்மாவும் சொந்தமா?" என்று கேட்டார்.

"என் சொந்த அத்தை மகன்தான் எங்க வீட்டுக்காரர்" என்றாள் அம்மா. அப்பா இறந்து பல வருஷம் ஆகியும் அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை குறையவில்லை. பிறகு டாக்டர் முகத்தைப் பார்த்தாள். "அப்போ நாங்க குடுத்ததா இது?"

"நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பழுதை வச்சிருந்திருப்பீங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. வேணும்னு யாரும் குடுக்கிறதில்லம்மா." என்னைப் பார்த்தார். "தங்கச்சியும் பார்த்துக்கணும். கூடப் பிறந்தவங்களுக்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கு. சீட்டுக் குலுக்கிற மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாத்தான் குலுக்குவாங்க. அவருக்கு விழுந்ததால உங்களுக்கு விழாதுன்னு இல்ல."

எனக்கு அங்கேயே விரல் முட்டு ரெண்டும் வலித்தது.

மருந்தாக அவனுக்குக் கிடைத்தது என்னவென்றால், ரத்தத்தை எடுத்துவிடுவது. அவ்வளவுதான். ரத்ததானம் செய்கிற மாதிரியே படுக்கவைத்துப் பையில் இறக்குவார்கள். ரத்தத்தோடு இரும்பு போகும். புது ரத்தம் ஊற உடம்பு ஈரலில் இருக்கும் இரும்பை எடுத்துக்கொள்ளும். இப்படியே பல மாசம் எடுத்து எடுத்துக் குறைக்க வேண்டும். சேர்ந்ததைக் குறைக்கலாம், ஆனால் ஈரலில் தழும்பு விழுந்தது விழுந்ததுதான் என்றும் சொன்னார்.

அம்மாவுக்கு இது தாங்க முடியவில்லை. சிறுகச் சிறுக அவள் ஊட்டி ஊறவைத்தது. "அந்த ரத்தத்த யாருக்குக் குடுப்பீங்க?" என்று நர்ஸிடம் கேட்டாள். "யாருக்கும் இல்ல ஆச்சி, அப்புறப்படுத்திருவோம்" என்றாள் அந்தப் பெண். அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு மூணு பிரசவம். மூணிலும் நிறையப் போனது. அது போக மாசாமாசம் எனக்கு மற்றவர்களைவிட அதிகம்தான். பீடிக்கடைக்குச் சுளகைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது இடுப்பு விட்டுப்போகும். அம்மாவிடம் சொன்னால், "பொம்பளன்னா அப்படித்தான் இருக்கும், பெரிசாச் சொல்ல வந்துட்டா" என்பாள். இவனுக்கு ஒரு பை எடுத்ததற்கு இந்த அழுகை. அந்த வராந்தாவில் எனக்கு அவன் நோயின் மேல்கூடப் பொறாமையாக இருந்தது. இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

நானும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். ஜீன் டெஸ்ட் வெளியூர் போய் வர நாளாகும் என்றார்கள். அந்த நாட்களில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கீரையைக் கண்டால் பயம், இரும்புச் சட்டியைப் பரணில் போட்டேன். கண்ணாடி முன் நின்று தோல் கருக்கிறதா என்று பார்ப்பேன். ஏற்கெனவே கருப்புத் தோலில் என்னத்தைக் கண்டுபிடிக்க? ஒரு பழைய பெருமை வேறு வந்து பயமுறுத்தியது. பிள்ளை உண்டாகியிருந்தபோது சுகாதார நிலையத்தில் எல்லாருக்கும் ரத்தம் குறைவு என்பார்கள், எனக்கு மட்டும் குறையவே குறையாது. "பீடி சுத்தற பொம்பளைங்கள்லேயே ஒனக்குத்தான் நல்ல ரத்தம்" என்று நர்ஸம்மா எல்லார் முன்னாலும் சொல்வாள். என்னை ஒருத்தர் உசத்திச் சொன்னது அது ஒன்றுதான். அவ்வளவு போயும் குறையாத ரத்தத்துக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிவது போல இருந்தது.

சாரல் நன்றாக இருந்த ஒரு நாள், குற்றாலத்தில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று அம்மா எங்களைக் கிளப்பினாள். பேரருவியில் தண்ணீர் அளவாக விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் அவனும் என் வீட்டுக்காரரும் போனார்கள், நாங்கள் பெண்கள் பக்கம். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நிறம் மாறியது, அருவிக்கு முன்னால் கட்டியிருக்கும் ஆர்ச் வரைக்கும் தள்ளி விழுந்தது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் வெளியேற்றினார்கள். தலை துவட்டும்போது எனக்கு டாக்டர் சொன்னது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. தண்ணீர் கூடக் கூட விசில் ஊத ஒரு ஆள் வேண்டும். எங்கள் வீட்டு அருவியில் அந்த ஆள் இல்லை. வெள்ளம் வந்தது தெரியாமல் ஜனம் குளித்துக்கொண்டே இருக்கிறது.

கடைப் படியில் உட்கார்ந்து சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினோம். அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரிசல்ட் நெனச்சுப் பயப்படுதியா?"

"வேற என்ன வேல எனக்கு."

"இருந்தாலும் ஒண்ணும் ஆகாது பிள்ள. சீக்கிரம் பாத்துட்டா ஒண்ணுமே ஆகாதுன்னு சொன்னாருல்லா."

"சொன்னாரு. ஒனக்குச் சீக்கிரம் பாக்கலையே."

அவன் சிப்ஸைக் கையிலேயே வைத்திருந்தான். "நாக்குல நரம்பில்லாமப் பேசுதே" என்றான், கோபமில்லாமல். பிறகு, "சுவரொட்டி எனக்குப் பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா? கொமட்டிக்கிட்டு வரும். நீ பாத்துக்கிட்டே இருப்பியா, அதனாலதான் முழுங்குவேன்" என்றான்.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பிடிக்காததையும் எனக்குக் கொடுக்காமல் தின்றிருக்கிறான்.

ரிசல்ட் வந்த அன்றைக்கு அவனுக்கும் ரத்தம் எடுக்கிற நாள். மூணு பேரும்தான் உள்ளே போனோம். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கும் ரெண்டும் பழுதுதான். அண்ணனுக்கு எந்த இடத்திலயோ உங்களுக்கும் அதே இடத்தில."

அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அவள் அப்படிப் பிடித்து எவ்வளவு காலம் ஆகிறது என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

"ஆனா பயப்படாதீங்க. இரும்பு கொஞ்சம் கூடத்தான் இருக்கு. ஈரல் நல்லா இருக்கு, தழும்பு எதுவும் இல்ல. பெண்களுக்கு மாசாமாசம் ரத்தம் போயிடுது இல்லையா, அதுலயே இரும்பும் போயிடும். உங்களுக்கு அதிகமாவே போகும்னு சொன்னீங்க. பிரசவத்திலயும் போயிருக்கு. உள்ள சேர்ந்துகிட்டே இருந்திருக்கு, நீங்க வெளிய விட்டுகிட்டே இருந்திருக்கீங்க. இப்ப உங்களுக்கு நிக்கிற வயசு. இனிமே அந்த வழி அடைபடும். நாம எடுத்துவிட ஆரம்பிக்கலாம்."

"நல்லவேள" என்றாள் அம்மா. "இவளுக்கு நான் சுவரொட்டி குடுக்கல. குடுத்திருந்தா இவளும்லா இப்படி ஆயிருப்பா."

டாக்டர் தலையை ஆட்டினார். "அது பெரிய விஷயமே இல்லம்மா. சாப்பாட்டால வந்ததில்ல இது. நீங்க ரசஞ்சோறு மட்டும் குடுத்திருந்தாலும் மகனுக்குச் சேர்ந்திருக்கும், என்ன, கொஞ்சம் மெதுவா. மகளைக் காப்பாத்தினது அவங்க விட்ட ரத்தம்."

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. வெளியே வந்ததும் ஆஸ்பத்திரி ஆயாவிடமும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடமும் அதையே சொன்னாள். நான் குடுக்கல, அதனால இவ தப்பிச்சா. கொடுக்காமல் விட்டதற்கும் பேர் அவளுக்குத்தான். நான் ரத்தம் போய்ப் போய்ப் பிழைத்ததற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் அம்மாவும் எங்களுக்குச் சரிபாதியாகப் பங்கு வைத்தது இந்தப் பழுது ஒன்றைத்தான், அதில் நான் தப்பியதையும் எனக்குச் செய்த நன்மையாகக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.

என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்காரர் அசல் என்பதால் அநேகமாக ஆளுக்கு ஒரு பழுதோடு நின்றுவிடும், எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மதினியும் அசல்தான், அதனால் அண்ணன் பிள்ளைகளுக்கும் அப்படியே. அநேகமாக என்ற சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து இன்று வரை வைத்திருக்கிறேன்.

அன்றைக்கே எனக்கும் ஒரு பை எடுத்துவிடலாம் என்றார்கள். அண்ணன் கட்டிலுக்கு அடுத்த கட்டில். ஊசி குத்தும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஈரல் நல்லா இருக்குன்னா சொன்னாரு?"

"ம்."

"தழும்பே இல்லையாமா?"

"இல்லையாம்."

மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தான். கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் துபாயில் இருந்து வந்து பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் வைத்திருந்த முகம் அது. அவனுக்கு இனி ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், தழும்பு விழுந்த ஈரலில் எப்போது எது முளைக்குமோ என்ற பயம், ஆயுசு முழுக்க. எனக்கு அது கிடையாது. ஒரே பழுது, ஒரே வீடு, எனக்கு மட்டும் கிடையாது.

"ஒனக்கென்ன பிள்ள" என்றான். "கொடுத்து வச்சவ."

எங்கள் வீட்டில் யாரும் என்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். சொல்லப்போனால் கொஞ்சம் வந்தது. வந்ததும், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அவனுக்கு என்ன சொல்வது? எனக்கு அந்த நிலைமையில் யார் என்ன சொல்லியிருந்தாலும் ஆறியிருக்காது.

அம்மா ரெண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டிருந்தாள். அவனுக்கு வேர்த்தது. என் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்தாள். நர்ஸ் என் கையில் ரப்பர் பந்தைத் திணித்து, நல்லா அமுக்கி அமுக்கி விடுங்கக்கா, அப்பத்தான் சீக்கிரம் எறங்கும் என்றாள். நான் அம்மாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே அமுக்கினேன்.